காணாமல் கொடுப்பது

புறநானூற்றின் 208ஆம் பாட்டு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மீதான புகார். எங்கள் ஊர் என்றால் தகடூர், இன்றைய தருமபுரி. புகார் சொல்கிறவர் பெருஞ்சித்திரனார் என்ற புலவர். புகாருக்கு ஆளானவன் அதியமான் நெடுமான் அஞ்சி. மலைகளைக் கடந்து பரிசில் கேட்டு வந்த புலவரை அதியமான் நேரில் பார்க்கவில்லை. என்ன வேலையில் இருந்தானோ, பொருளை மட்டும் அனுப்பி, வாங்கிக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டான். புலவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைக் கண்ணால் பார்க்காத அரசன் என்னை எப்படி அறிந்தான்? காணாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை. என் அளவு தெரிந்து கொடுத்தால் தினையளவு போதும், அது இனிது என்கிறார்.

ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானை எல்லோருக்கும் தெரியும். இந்த அதியமானை அவ்வளவாகத் தெரியாது. எனக்கு இவன்மீதுதான் ஒட்டுதல். காரணம் தொழில் சம்பந்தமானது. ஒன்பது வருடங்களாக நானும் முகம் பார்க்காமல்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் காசு வாங்கிக்கொண்டு.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 மெயின்ஸ் எழுதுகிறவர்களுக்குத் தபால் வழியாகப் பயிற்சி கொடுப்பது என் வேலை. குரூப் 4 மாதிரி வட்டத்தைக் கருப்படிக்கிற தேர்வு இல்லை இது. விரிவாக எழுத வேண்டும். பொது அறிவுத் தாள் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். நான் கேள்வித்தாள் அனுப்புவேன். அவர்கள் வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதி அனுப்புவார்கள். நான் ஓரத்தில் பச்சை மையால் குறிப்புகள் எழுதி, கடைசியில் ஒரு முழுப் பக்கத்துக்குக் கருத்து எழுதித் திருப்பி அனுப்புவேன். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தேர்வுகள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். ஓசூரில் ஷிப்ட் பார்க்கிறவர்களும் பெங்களூர் பேக்கரிகளில் நிற்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் யாரையும் நான் பார்த்ததில்லை. கையெழுத்து தெரியும். "ற்" வரும் இடத்தில் யார் "ட்" போடுவார்கள் என்று தெரியும். வழியில் எதிரே வந்தால் தெரியாது.

கேள்வி எளிமையானது. முகம் தெரியாத ஒருவருக்கு வழி சொல்ல எனக்கு என்ன தகுதி? அதற்குப் பணம் வாங்குவது சரியா?

நம் மரபைக் கேட்டால் கூடாது என்றுதான் சொல்லும். நன்னூல் மாணவனைப் பற்றிப் பேசும் இடத்தைப் பாருங்கள். உரிய நேரத்தில் வர வேண்டும், ஆசிரியரின் குணம் அறிந்து பழக வேண்டும், இருக்கச் சொன்னால் இருந்து, சொல்லச் சொன்னால் சொல்லி, காதையே வாயாக வைத்துக் குடிக்க வேண்டும். எல்லாமே இரண்டு உடம்புகள் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் நடக்கும். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று மாணவர்களை வகை பிரித்ததும் பார்த்துப் பழகிப் பிரித்ததுதான். எனக்கு வருவது ஏ4 தாள். அதில் எருமையும் அன்னமும் ஒரே நீல மையில்தான் எழுதுகின்றன.

ஆனால் தபாலில் படிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. 1840இல் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் அஞ்சல் வழியாகச் சுருக்கெழுத்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். இந்தியாவில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971இல் மதுரை, பிறகு அண்ணாமலை, சென்னை. "கரஸ்ல பி.ஏ. முடிச்சேன்" என்று சொல்லும் ஒரு மாமாவோ சித்தியோ இல்லாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநிலத்தின் அளவு 80 சதவீதமாக இருந்தபோது இங்கே 68.5. அப்படிப்பட்ட மாவட்டத்தில் தபால்காரர் கொண்டுவந்த பாடக் கட்டு பலருக்குக் கல்லூரியாக இருந்திருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து ஒருவர் டவுனுக்கு வந்து ஒரு வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் போனால் ஒரு பகல் போய்விடும். ஒரு நாள் கூலியும் போய்விடும்.

தூரம் பெரிய காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், பார்ப்பது அப்படி ஒன்றும் புனிதமான காரியம் இல்லை என்பது. பெருஞ்சித்திரனார் புலவர். அவரை ஒருவர் பார்த்தால் மரியாதை கூடும். எல்லோருக்கும் அப்படி இல்லை. வகுப்பறையில் ஒருவர் நுழைந்த அரை நிமிடத்தில் செருப்பு, சட்டை, பேச்சு, எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று எல்லாம் தெரிந்துவிடுகிற மாவட்டம் இது. கேட்க மாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்பார்கள். நேரடி வகுப்பும் கொஞ்ச நாள் எடுத்திருக்கிறேன். கடைசி பெஞ்சில் மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசாத பெண் பிள்ளைகள், தாளில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "இந்தக் கேள்விக்கு நீங்க மார்க் குறைச்சது நியாயம் இல்ல சார்" என்று எழுதுவார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதில் பாதி சரியாக இருக்கும்.

அந்தப் பாட்டைத் திரும்பப் படித்தால் புலவரின் கோபத்துக்குள் இரண்டு கோபங்கள் இருப்பது தெரிகிறது. பார்க்கவில்லை என்பது ஒன்று. அளவு தெரியாமல் கொடுத்தான் என்பது இன்னொன்று. அவருக்குக் கேட்கத் தெரிந்தது முதல் கோபம். அவரை உறுத்தியது இரண்டாவது என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டு அளக்காமல் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பாரா? எதிரில் நிற்கும் ஐம்பது பேருக்கும் ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர் எல்லோரையும் பார்க்கிறார், ஒருவரையும் அளப்பதில்லை. பன்னிரண்டு விடைத்தாளைத் திருத்துகிறவன் ஒருவரையும் பார்ப்பதில்லை. ஆனால் எட்டாவது தாளில் அவர் ஏன் முன்னுரையிலேயே முக்கால் பக்கம் செலவு செய்கிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பதில் தெரியாத பயம் அது. தெரிந்த கேள்விக்கு அவர் இரண்டே வரியில் விஷயத்துக்கு வந்துவிடுவார்.

வியாபாரி இல்லை என்று புலவர் சொன்னதிலும் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. வியாபாரத்துக்கும் ஒரு கௌரவம் இருக்கிறது. காசு கொடுத்தவர் கையேந்தி நிற்பதில்லை. திட்டலாம், கணக்குக் கேட்கலாம், "ஏன் சார் ரெண்டு வாரமா தாள் வரல?" என்று அதட்டலாம். இலவசமாகக் கிடைப்பதில் அந்த உரிமை கிடையாது.

நம் இலக்கியத்தில் இலவசமாக நடந்த தபால் பயிற்சிக்கு அழகான உதாரணம் தி.க.சி. திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு, எங்கோ ஒரு சிற்றிதழில் முதல் கதை எழுதியவனுக்குக்கூடக் கார்டு போட்டவர். 2014இல் இறக்கும்வரை அந்தப் பழக்கம் இருந்தது. அவர் கார்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் எழுத்தாளர்கள் இன்றும் உண்டு. வல்லிக்கண்ணனும் அப்படிக் கடிதம் எழுதியவர்தான். எனக்கு அதில் பிடித்தது அஞ்சல் அட்டை என்ற வடிவம். மூடி ஒட்ட முடியாது. தபால்காரர் படிக்கலாம், அம்மா படிக்கலாம். எல்லோரும் படிக்கக்கூடிய ஒன்றை மட்டும்தான் அதில் எழுத முடியும். இது என் வேலையில் எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே சொல்கிறேன்.

(நடுவே ஒன்று. தமிழில் கடிதம் வழியாக அறிவுரை சொல்லும் பழக்கம் வலுவானது. மு.வ.வின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' எல்லாம் வீட்டு நூலகங்களில் இருந்தவை. அண்ணா தம்பிக்கு எழுதினார், கலைஞர் உடன்பிறப்புக்கு எழுதினார். இவற்றில் பதில் கடிதம் என்று ஒன்று அச்சில் வரவே இல்லை. தம்பி வாயைத் திறந்து "அண்ணா, எனக்கு இது புரியல" என்று சொன்னதில்லை. ஒருவேளை அதனால்தான் தபாலில் பயிற்சி என்றதும் நமக்கு ஒருவர் பேச இன்னொருவர் கேட்கும் காட்சி மனதில் வருகிறது.)

இதுவரைக்கும் பிரச்சினை இல்லை. விடையை அளக்கிறேன், அளந்ததற்குக் காசு வாங்குகிறேன். சிக்கல் விடைத்தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

அரூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். முப்பது வயது தாண்டியவர், இரண்டு குழந்தைகள். இது நான்காவது முயற்சி. ஒன்பதாவது தாளின் கடைசிப் பக்கத்தில், விடைகள் முடிந்து ஒரு கோடு போட்டு, கீழே எழுதியிருந்தார்: "வீட்ல இதுதான் கடைசின்னு சொல்லிட்டாங்க சார். உண்மைய சொல்லுங்க. நான் தேறுவேனா? இல்ல விட்டுடட்டுமா?"

இதற்கு மதிப்பெண் கிடையாது.

பயிற்சி மையம் நடத்தும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? கண்டிப்பா தேறிடுவீங்க மேடம்னு எழுது. தைரியம் சொல்றதுதான் நம்ம வேலை" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2022 குரூப் 4 தேர்வில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். முந்நூறு பேருக்கு ஒரு இடம். பின்னால் இடங்களைப் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டினார்கள். அப்போதும் இருநூறு பேருக்கு ஒன்று. குரூப் 2 கணக்கு வேறு, ஆனால் மனம் தேறுகிற மாதிரி வேறு இல்லை. தைரியம் என்பது விற்கிறவனுக்கு அடக்கவிலை இல்லாத சரக்கு. வாங்குகிறவருக்கு அதன் விலை இன்னும் ஒரு வருடம். அடுத்த சுற்றுக்கான கட்டணத்தை வாங்கப் போகிறவனே "விடாதீங்க" என்று எழுதும்போது, அந்த வார்த்தை உண்மையாகவே இருந்தாலும் அழுக்காகிவிடுகிறது.

அப்படியானால் "விட்டுடுங்க" என்று எழுதலாமா? நேரில் கேட்டிருந்தால், ஒருவேளை, முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்து இழுத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். பேச்சு காற்றில் போய்விடும். காகிதம் போகாது. ஃபீட்ரஸ் உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தின் மீது இரண்டு குற்றம் சொல்கிறார். கேள்வி கேட்டால் பதில் சொல்லாது என்பது ஒன்று. அந்தக் குற்றத்திலிருந்து கடிதம் தப்பித்துவிடும். கேட்டால் அடுத்த தபாலில் பதில் வரும். இரண்டாவது, எழுத்துக்கு யாரிடம் பேச வேண்டும், யாரிடம் வாயை மூட வேண்டும் என்று தெரியாது. அது கண்டவர் கையிலும் உருளும். இதிலிருந்து கடிதத்தால் தப்பிக்க முடியாது. அந்த வீட்டில் கவரை முதலில் வாங்குகிறவர் யார்? வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர். மாமியாராக இருக்கலாம், கணவராக இருக்கலாம். "விட்டுடுங்க" என்று பச்சை மையில் நான் எழுதினால் அது அவருக்கு நான் சொன்ன யோசனையாக இருக்காது. "பாத்தியா, உங்க சாரே சொல்லிட்டாரு" என்று அந்த வீட்டில் பத்து வருடத்துக்கு எடுத்துக் காட்டப்போகிற ஆவணமாக இருக்கும். தி.க.சி.யின் கார்டை நினைத்துக்கொள்வது இதனால்தான். உறைக்குள் போட்டு ஒட்டினாலும் நான் எழுதுவது அஞ்சல் அட்டைதான்.

ரில்கேயிடம் ஒரு பையன் இதே கேள்வியைக் கேட்டான். ஃபிரான்ஸ் சேவர் காப்புஸ், ராணுவப் பள்ளி மாணவன். கவிதைகளை அனுப்பி, தேறுமா என்று கேட்டான். 1903 பிப்ரவரியில் பாரிஸிலிருந்து பதில் வந்தது. கவிதைகளில் தனித்த நடை இன்னும் வரவில்லை என்று ரில்கே மழுப்பாமல் சொன்னார். எழுதுவதா விடுவதா என்பதற்கு மட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. அதை வெளியே யாரிடமும் கேட்காதே, உன்னிடமே கேள் என்றார். தாளில் இருப்பதைப் பற்றித் தீர்ப்பு உண்டு, ஆளைப் பற்றித் தீர்ப்பு இல்லை. அப்போது ரில்கேவுக்கு வயது 27தான். மொத்தம் பத்துக் கடிதங்கள். காப்புஸ் 1929இல் அவற்றைப் புத்தகமாக்கியபோது தன் கடிதங்களைச் சேர்க்கவில்லை. அவை அச்சுக்கு வர 2019 ஆயிற்று. தொண்ணூறு வருடம் உலகம் பதில்களை மட்டும் படித்து மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் புத்தகத்தை நேசிப்பவன்தான். ஆனால் கேட்டவனின் பக்கம் இல்லாமல் படித்தால் எந்த ஆலோசனையும் ஞானமாகத்தான் தெரியும்.

அரூர்க்காரருக்கு நான் எழுதியது ஒன்றரைப் பக்கம். ஒன்பது தாள்களின் மதிப்பெண்களையும் ஒரே வரிசையில் போட்டேன். வரலாறு, சமூகப் பிரச்சினைகள் இரண்டிலும் சீராக ஏறியிருக்கிறது. அறிவியலும் பொருளாதாரமும் முதல் தாளில் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. அவை ஏறாமல் இந்த மொத்த மதிப்பெண் போதாது. "இதெல்லாம் தாள்ல தெரியுது. ஒரு நாளைக்கு உங்களுக்கு எத்தன மணி நேரம் கெடைக்குது, யார் புள்ளைங்கள பாத்துக்கறாங்க, விட்டா எது போகும், விடாட்டி எது போகும், இது தாள்ல தெரியல. அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்று எழுதினேன்.

நண்பர் இதைப் படித்துவிட்டு, "நல்லா நழுவிட்ட" என்றார். பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு "முடிவு உங்களுடையது" என்று சொல்லும் டாக்டரைப் போல என்றார். அந்தக் குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரியாது என்பதைக் கேடயமாகப் பிடிப்பது உண்டு. மனிதர்கள் சில சமயம் தகவல் கேட்பதில்லை, தங்களோடு சேர்ந்து அந்த முடிவின் ஒரு முனையைப் பிடிக்க ஓர் ஆள் கேட்கிறார்கள்.

அதனால் எனக்கென்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவர்கள் கனவைப் பற்றி எனக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை. நான் விற்கும் சரக்கைப் பற்றி உரிமை உண்டு, கடமையும் உண்டு. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தம்பி, இன்ஜினியரிங் முடித்தவர், தொடர்ந்து இரண்டு சுற்று எழுதினார். இருபத்துநான்கு தாள். முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் வித்தியாசம் தேடினேன், இல்லை. என் ஓரக்குறிப்புகள் ஒன்றுகூட அடுத்த தாளில் இறங்கவில்லை. மூன்றாவது சுற்றுக்குப் பணம் அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டு எழுதினேன்: "தம்பி, நீங்க தேர்வு எழுதறதும் விடறதும் உங்க இஷ்டம். ஆனா என்கிட்ட பணம் கட்டாதீங்க. நான் சொல்ற முறை உங்களுக்கு ஒட்டல. நேர்ல உக்கார வெச்சு சொல்ற ஆளு யாராச்சும் பாருங்க." இதை எழுதும்போது எனக்குச் சங்கடம் இல்லை. இந்தத் தீர்ப்பில் நஷ்டம் எனக்கு. அதனால் இதில் கள்ளம் கலக்க வழியில்லை. அவருக்குக் கோபம். "என்ன பாக்காமலே எப்படி சார் முடிவு பண்ணீங்க?" என்று பதில் எழுதினார். பெருஞ்சித்திரனாரேதான்.

ஏகலைவனைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. இந்த மண்ணின் முதல் தபால் வழி மாணவன் அவன்தான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. ஆசிரியர் எங்கோ இருக்கிறார், இங்கே மண் உருவம்தான். எந்த அம்பு தவறிப்போயிற்று என்று அந்த உருவம் சொல்லவில்லை. பயிற்சி முழுக்க அவனுடையது. கடைசியில் கட்டணம் மட்டும் துல்லியமாக வந்து சேர்ந்தது, கட்டைவிரல். துரோணர் சொல்லிக்கொடுக்க மறுத்ததைக்கூட அந்தக் காலத்து வழக்கம் என்று யாராவது வாதாடலாம். சொல்லிக்கொடுக்காத படிப்புக்குத் தட்சிணை கேட்டதை எந்த வழக்கத்தில் சேர்ப்பது? ஆயிரம் பக்க அச்சுக் குறிப்புகளை அட்டைப்பெட்டியில் அனுப்பி, கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, அனுப்பிய விடைத்தாளுக்கு ஒரு வரி பதில் போடாத இடங்களைப் பற்றி என் மாணவர்கள் எழுதும்போது துரோணர் ஞாபகம்தான் வருகிறது. காணாமல் கொடுப்பதைவிட மோசமானது காணாமல் வாங்குவது.

அரூர்க்காரர் அதன் பிறகு பின்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. மீதி மூன்று தாள்களும் வந்தன. பதினொன்றாவது தாளில் பொருளாதாரக் கேள்விக்கு முதல் முறையாக நேராக விடை எழுதியிருந்தார், ஜி.எஸ்.டி. பற்றி, முன்னுரை இல்லாமல்.

இப்போது முக்கால்வாசிப் பேர் தாளைத் தபாலில் அனுப்புவதில்லை, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். செலவு மிச்சம், எனக்கும் சௌகரியம்தான். ஆனால் தபாலில் இருந்த ஒரு வாரம் போய்விட்டது. அந்த ஒரு வாரத்தில் கேட்டவருக்கே கேள்வி மாறியிருக்கும். சில சமயம், என் பதில் போய்ச் சேர்வதற்கு முன்னால் "அத விடுங்க சார், நானே முடிவு பண்ணிட்டேன்" என்று இன்னொரு கடிதம் வந்துவிடும். இப்போது நீலக் கோடு விழுந்த நிமிடத்திலிருந்து என் மௌனத்துக்கு அர்த்தம் ஏற ஆரம்பிக்கிறது. பார்த்துவிட்டும் பதில் இல்லையென்றால் நான் தேறமாட்டேன் போல என்று ஒருவர் எழுதினார். நான் அப்போது தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன். நீலக் கோடு வராமல் செட்டிங்ஸில் மாற்றிவிட்டேன்.

போட்டோவாக வந்தாலும் அச்செடுத்து, பச்சை மையில் திருத்தி, அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போன வாரம் பெங்களூர் பேக்கரித் தம்பி ராத்திரி 11:40க்குப் பதினாறு பக்கம் அனுப்பினார். பன்னிரண்டு மணிக்கு "சார் பாத்தீங்களா?" என்று ஒன்று. காலையில்தான் பார்த்தேன். கேள்வி காவிரி நடுவர் மன்றம் பற்றியது, நன்றாகவே எழுதியிருந்தார். ஒன்பதாம் பக்கத்திலிருந்து எழுத்து சாய்ந்து, வரிகள் வலது பக்கம் கீழே இறங்கிக்கொண்டே போயின. ஓரத்தில் "எத்தன மணிக்கு வேல முடியுது?" என்று எழுதினேன். மார்க் போடும் கட்டத்துக்கு வெளியே.